நங்கூரம் ஸ்டாப்பிங்

செல்லக்கனி கடலில் கால் நனைத்ததில்லை. பதினாறு வருடமாகத் தூத்துக்குடி துறைமுகச் சாலையில் மீன் குழம்பு விற்கிறார். மீன் சாப்பிட மாட்டார். திருச்செந்தூருக்கு வருடம் தவறாமல் போவார். ஊரே கடலில் விழுந்து எழும்போது இவர் மட்டும் நாழிக்கிணற்றுத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்விடுவார். காரணம் கேட்டால், "அது ஒரு எடத்துல நிக்காம ஆடிக்கிட்டே கெடக்கு. அதோட நமக்கென்ன பேச்சு" என்பார். பிறந்தது உடங்குடிக்குப் பக்கத்தில், பனையும் செம்மணலும் தவிர வேறு எதுவும் கண்ணில் படாத தேரிக்காட்டு ஓரத்தில். அந்த மணலும் ஆடிக் காற்றுக்கு இடம் மாறும் என்பதை அவரிடம் யாரும் சொல்லிக்காட்டியதில்லை.

அப்படிப்பட்டவர் தன் சாப்பாட்டுக் கடைக்கு வைத்திருக்கும் பெயர் 'நங்கூரம்'. பெயரோடு நிற்கவில்லை. கடை வாசலில் அரை டன் எடையுள்ள நிஜ நங்கூரம் ஒன்று, துருவேறி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கிடக்கிறது.

கடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எல்லாம் சாலை செய்த வேலை. செல்லக்கனியின் கணவர் மாடக்கண்ணு லாரி ஓட்டினார். பதினேழு வருடத்துக்கு முன்பு அகமதாபாத்துக்குத் தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு போனார். லாரி திரும்பி வந்தது, வேறொரு டிரைவரோடு. மாடக்கண்ணு இறந்ததாகவும் செய்தி இல்லை, இருப்பதாகவும் செய்தி இல்லை. யாராவது கேட்டால், "வந்துக்கிட்டிருக்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குச் சோறு வைப்பார் செல்லக்கனி. கணவர் போன மறு வருடம் ஆரம்பித்ததுதான் கடை. முதலில் தள்ளுவண்டி, பிறகு தகரக் கொட்டகை.

பதினாறு வருடத்தில் ஏழு முறை அதை நகர்த்தியிருக்கிறார்கள். நாலுவழிச் சாலை வருகிறது என்று ஒருமுறை. மழைநீர் வடிகால் தோண்ட ஒருமுறை. தோண்டியதை மூட இன்னொரு முறை. குழாய் பதிக்க ஒருமுறை. பெரிய மனிதர் ஒருவர் அந்த வழியாகக் காரில் போகப்போகிறார் என்று ஒருமுறை. அவர் கடைசியில் வேறு வழியாகப் போனார். கடை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. மிச்சம் இரண்டு முறைக்கு யாரும் காரணம் சொல்லும் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. பொதுவாகச் சாலையில் வண்டிகள் நகரும், கடைகள் நிற்கும். துறைமுகச் சாலையில் வண்டிகள் மூன்று நாள் நிற்கும். நகர்வது கடைகள்.

எட்டாவது இடம் தனியார் நிலம். வன்னியபெருமாள் என்ற உர வியாபாரியின் குடோனுக்கு நேர் எதிரில், அவருக்கே சொந்தமான இரண்டரை சென்ட். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலமே செல்லக்கனி பழைய இரும்புக் கடைக்குப் போனார். உடைத்த தோணிகளின் இரும்பு மலையாகக் குவிந்து கிடக்கும் அந்த இடத்தின் முதலாளி ரெக்ஸ்.

"யக்கா, இது கப்பலுக்கு உள்ளது. கடைக்கு உள்ளது இல்ல" என்றார் ரெக்ஸ்.

"கப்பலுக்கு எதுக்குப்பா இது?"

"நகராம நிக்கதுக்கு."

"என் கடையும்தான் நகருது. அப்ப கடைக்கும் உள்ளதுதான். ஏத்து."

கிரேன் வைத்து இறக்கினார்கள். இறக்கிய இடத்தில் மண் ஒரு சாண் உள்ளே போனது. செல்லக்கனி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இனி எவன் நகத்துதான்னு பாப்போம்" என்றார். தமிழில் நங்கூரம் என்ற சொல்லுக்கு அன்று அந்தச் சாலையில் சேர்ந்த புதிய பொருள் இது: நகர மாட்டேன்.

பெயர்ப்பலகை எழுத வந்தவர் ஃபிராங்க்ளின். சுவரில் வேட்பாளர் பெயரிலிருந்து தேவாலயத் திருவிழாத் தட்டிவரை எழுதுகிறவர். அரசாங்க விதிப்படி தமிழைப் பெரிதாகவும் ஆங்கிலத்தை அதைவிடச் சிறிதாகவும் எழுதி முடித்துவிட்டு, கீழே மிஞ்சிய இடத்தைப் பார்த்தார்.

"யக்கா, வடக்கத்தி டிரைவருங்கல்லாம் வாரானுவ. இந்தியிலயும் ஒரு வார்த்த போட்டுருவமா?"

"ஒனக்கு இந்தி தெரியுமாலே?"

"போனுக்குத் தெரியும்."

கைபேசியில் நங்கூரம் என்று தட்டினார். அது ஒரு நொடிகூட யோசிக்காமல் 'லங்கர்' என்று இந்தி எழுத்தில் காட்டியது. ஃபிராங்க்ளின் அதைப் படம் வரைவதுபோல் கோடு கோடாகப் பார்த்து வரைந்தார். படிக்கத் தெரியாதவர் என்பதால் பிழை வர வழியில்லை. கைபேசியும் தப்பாகச் சொல்லவில்லை. இந்தியில் நங்கூரத்துக்கு லங்கர் என்றுதான் பெயர். வந்த வினையெல்லாம் இந்தச் சரியான மொழிபெயர்ப்பால் வந்தது.

துறைமுகத்துக்குக் காற்றாலை இறக்கைகள் வரும். ஒன்றொன்றும் கோயில் கொடிமரங்கள் நாலைந்தைப் படுக்கவைத்ததுபோல் நீளம். அதை ஏற்றிவரும் டிரெய்லர் மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்து வந்து, கப்பல் வரும்வரை சாலையோரம் காத்துக் கிடக்கும். ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் பஞ்சாப், ஹரியானா. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்படி ஒரு டிரெய்லரிலிருந்து பல்கார் சிங் என்ற டிரைவரும் மூன்று ஆட்களும் இறங்கினார்கள். பல்கார் சிங் ஆறடி உயரம், நரைத்த தாடி, நீலத் தலைப்பாகை. பலகையைப் படித்தார். முகம் மலர்ந்தது. மற்ற மூவரும் கைக்குட்டையை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார்கள். நால்வரும் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். பல்கார் சிங் நங்கூரத்தின் முன் குனிந்து, அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர்கள் பெஞ்சை விட்டுவிட்டுத் தரையில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

"ஏய்யா, பெஞ்சுல இருங்க. தரையில எறும்பு கெடக்கு" என்றார் செல்லக்கனி.

அவர்கள் சிரித்தார்கள். சோறும் சாம்பாரும் பொரியலும் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார்கள். மீன் குழம்பை மட்டும், ஏதோ தவறி வந்துவிட்டது என்பதுபோல் பணிவாகத் தடுத்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் தங்கள் தட்டுகளைக் கழுவினார்கள். பிறகு மற்றவர்களின் தட்டுகளை. பிறகு, செல்லக்கனி பதறிக்கொண்டு ஓடிவருவதற்குள், சோற்று அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு மண்ணால் தேய்க்க ஆரம்பித்தார்கள்.

"ஏலே ஏலே, என்ன செய்யுதிய? அத வைங்கலே! கையில காசு இல்லன்னா சொல்லித் தொலைங்க, அதுக்காக இப்பிடியா?"

அவர்களுக்குப் புரிந்தது குரலின் உரம் மட்டும். போதாது என்கிறார் போலும் என்று நினைத்து அடுப்படியையும் கூட்டிவிட்டார்கள். அண்டா வாங்கிய நாளில்கூட அப்படி மின்னியதில்லை. நால்வரும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

"பைசா? பைசா?" என்று கையை நீட்டினார் செல்லக்கனி.

பல்கார் சிங் மகிழ்ச்சியாகத் தலையாட்டி, வாசலில் கிடந்த நங்கூரத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு வண்டியில் ஏறினார். செல்லக்கனி பின்னாலேயே போனார். ஓட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்த வண்டியோடு நடந்துகொண்டே அரை பர்லாங் தூரம் திட்டலாம், திட்டினார். பல்கார் சிங் ஜன்னல் வழியாகக் கையசைத்துக்கொண்டே போனார்.

செல்லக்கனி திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "தின்ன சோத்துக்குக் காச நங்கூரத்துக்கிட்ட வாங்கிக்கோங்கான்! அது என்ன என் மாமனாரா?"

கடையில் டீ குடித்துக்கொண்டே இதையெல்லாம் வேடிக்கை பார்த்தவர் அற்புதமணி. வேம்பார்க்காரர், முப்பது வருடம் சரக்குக் கப்பல்களில் சமையல் பார்த்து ஓய்ந்தவர். மும்பையில் கற்ற இந்தி கைவசம் உண்டு. அடுப்படியைக் குசினி என்றுதான் சொல்வார். அது போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த சொல் என்று யாராவது சொன்னால், "எங்க அம்மா எந்த ஊருக்குப் போயி போர்ச்சுகீசு படிச்சா?" என்று சண்டைக்கு வருவார்.

"செல்லக்கனி, அவன் ஒன்ன ஏமாத்தல" என்றார் அற்புதமணி. "நீ பலகையில லங்கர்னு எழுதி வச்சிருக்க. அவன் ஊர்ல கோயிலுக்கு குருத்வாரான்னு பேரு, அந்தக் குசினியில எல்லாருக்கும் சோறு போடுவாங்க. அதுக்குப் பேரு லங்கர்."

"அன்னதானமா?"

"அன்னதானம்னா போடுதவன் மேல, வாங்குதவன் கீழ. இது அப்பிடி இல்ல. பணக்காரன் ஏழை எல்லாரும் ஒரே வரிசையா தரையில இருக்கணும். மீன், கறி கெடையாது. தின்னவன் எந்திரிச்சுப் பாத்திரம் கழுவுவான். காசு போடணும்னு தோணிச்சின்னா சாமி முன்னால போட்டுட்டுப் போவான்."

"இங்கன எங்கண்ணே சாமி?"

அற்புதமணி வாசலைப் பார்த்தார். செல்லக்கனியும் பார்த்தார். நங்கூரத்தின் கைக்கு அடியில், காற்றில் பறக்காமல் கல் வைத்து, நாலாக மடித்த ஐந்நூறு ரூபாய் நோட்டு இருந்தது. நாலு சாப்பாட்டின் விலையைவிட அது அதிகம். செல்லக்கனி அதை எடுக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். அவருக்கு ஓசி கொடுத்தும் பழக்கமில்லை, வாங்கியும் பழக்கமில்லை. காணிக்கை வாங்கிய பழக்கம் சுத்தமாக இல்லை.

நியாயமாக விஷயம் இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பல்கார் சிங்கோடு வந்த ஆள் ஒருவன் போகும்போது பலகையையும் நங்கூரத்தையும் கைபேசியில் பிடித்து, நாட்டின் தென்கோடியில் ஒரு தாய் லங்கர் நடத்துகிறாள் என்று எழுதிப் பரப்பிவிட்டான். இரண்டு வாரத்தில் துறைமுகத்துக்கு வரும் வடக்கத்தி வண்டி ஒவ்வொன்றும் அங்கே நின்றது. எல்லோரும் பல்கார் சிங் போல நங்கூரத்தின் காலடியில் நோட்டு வைக்கிறவர்களாக இல்லை. செல்லக்கனி அற்புதமணியிடம் ஒரே ஒரு இந்தி வாக்கியம் கேட்டு வாங்கிக்கொண்டார். "பைசா யா பர்தன்?" காசா, பாத்திரமா? சாப்பிட்டு எழுகிறவன் முன்னால் கரண்டியோடு நின்று கேட்பார். பாதிப் பேர் காசு கொடுத்தார்கள், பாதிப் பேர் பாத்திரம் கழுவினார்கள். சிலர் இரண்டும் செய்தார்கள். அவர்களைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

சிக்கல் வேறு பக்கமிருந்து வந்தது. ஒரு கொடிமரத்தை நிறுத்தவே இடம் வேண்டும். படுத்திருக்கும் நாலைந்து கொடிமரங்கள் சோற்றுக்காக நின்றால், எதிரே இருக்கும் உரக் குடோனின் வாசல் அடைபட்டுப்போகும். மூன்று நாள் வன்னியபெருமாளின் லோடு வெளியே போக முடியவில்லை. நாலாம் நாள் காலை, வெள்ளை வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்தார். உடன் கல்லூரியில் வேலை பார்க்கும் மருமகன் செந்தில்முருகன்.

"ஏளா செல்லக்கனி, நான் ஒனக்குக் கடை வைக்க எடம் கொடுத்தேனா, சத்திரம் கட்ட எடம் கொடுத்தேனா?"

"கடைக்குத்தான் அண்ணாச்சி."

"பெறகு எதுக்கு இம்புட்டுக் கூட்டம்? எல்லாம் அந்த வார்த்தையால வார வினை. அத அழி."

"எந்த வார்த்தைய?"

"இந்தி வார்த்தைய. அதுக்கு என்னன்னமோ அர்த்தம் இருக்காம்லா. அத அழி. மேல உள்ள தமிழையும் அழி. அது இருந்தா நாளைக்கு எவனாவது திரும்ப மொழிபெயர்த்துத் தொலைவான். வேற நல்ல பேரா வையி. எங்க அம்மா பேரு வையேன்."

"ஒங்க அம்மா பேரு வைக்க ஒங்க குடோன் இருக்கு. இது என் கடை."

செந்தில்முருகன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அக்கா, நங்கூரம்ங்கறதே தமிழ்ச் சொல் இல்ல. பாரசீகம். இதுக்குப் போயி ஏன் மல்லுக்கட்டுதிய?"

"நானும் இந்த ஊரு இல்ல, உடங்குடி. வந்து பதினாறு வருசமாச்சு. வந்தவள எல்லாம் வெரட்டணும்னா மொதல்ல என்னைத்தான் வெரட்டணும். அது கெடக்கட்டும், நான் கெடக்குதேன்."

இந்த இடத்தில் அகராதியைத் திறக்காமல் தாண்ட முடியாது. மருமகன் சொன்னது சரிதான், பாதிவரை. பாரசீகத்தில் லங்கர் என்றால் கப்பலை நிறுத்தும் இரும்பு. போகிற வருகிற பக்கிரிகளும் ஏழைகளும் தங்கிச் சாப்பிடும் மடத்துக்கும் அதே பெயர் உண்டு. கப்பல் நிற்கிற இடமும் மனிதன் நிற்கிற இடமும் ஒன்றுதான் என்று அங்கே யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். அந்தச் சொல் தரைவழியாகப் பஞ்சாபுக்குப் போய்ச் சோறாக நின்றது. கடலோரமாகத் தெற்கே வந்தது இரும்பாகவே நின்றது: தெலுங்கில் லங்கரு, மலையாளத்தில் நம்மைப் போலவே நங்கூரம், நம்மிடமிருந்து போனதாகச் சொல்லப்படும் சிங்கள நெங்குரம. மராத்தியில் நாங்கர் என்றால் நங்கூரம் என்றும் பொருள், கலப்பை என்றும் பொருள். கலப்பை என்றதும் அதற்கு நம் பழஞ்சொல்லான நாஞ்சில் ஞாபகம் வரும். வடமொழியில் கலப்பைக்கு உள்ள லாங்கலம் என்ற சொல்லுக்கும் நாஞ்சிலுக்கும் உறவு என்பவர்கள் இருக்கிறார்கள். லங்கருக்கும் லாங்கலத்துக்கும் உறவு என்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் ஒப்புக்கொள்ளாதவர்களும் நிறைய இருக்கிறார்கள். முதல் இரண்டு கட்சியும் ஜெயித்தால், வெளியூரிலிருந்து வந்த நங்கூரம் இங்கே பக்கத்தில் இருக்கும் நாஞ்சில் நாட்டுச் சொந்தக்காரனாகிவிடும். ஆங்கிலத்தின் ஆங்கர் காதுக்கு நங்கூரத்தின் கூடப்பிறந்ததுபோல் இருக்கிறது. ஆனால் அதற்கு ஐயமற்ற உறவு யானைப்பாகனின் அங்குசம். காதை நம்பி யாரையும் சொந்தக்காரன் என்று சொல்லிவிட முடியாது, அன்னியன் என்றும் சொல்லிவிட முடியாது.

வன்னியபெருமாளுக்கு அகராதி எதுவும் தேவைப்படவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பேர அழிக்கணும். இல்லன்னா கடையக் காலி பண்ணு. கிரேனக் கொண்டாந்து அந்த இரும்பத் தூக்கி வீசிருவேன்."

செல்லக்கனி கரண்டியைக் கீழே வைத்தார். கடையை நகர்த்தச் சொல்வது இது எட்டாவது முறை.

"அண்ணாச்சி, ஒங்க வாசல்ல வண்டி நிக்கக் கூடாது. அது நியாயம். வண்டிய நகத்தச் சொல்லுதேன், இன்னைக்கே. ஆனா கடைய நகத்த மாட்டேன், பேர நகத்த மாட்டேன், அந்த இரும்பையும் நகத்த மாட்டேன். எனக்கு நங்கூரம்னா நங்கூரம்தான். அவன் பாஷையில அதுக்குச் சோறுன்னு அர்த்தம்னா நான் என்ன செய்ய? அவன் பாஷைய அழிக்கச் சொல்லுங்க."

அன்றே சொன்னபடி செய்தார். அற்புதமணியை அழைத்துக்கொண்டு சாலையில் இறங்கி, வண்டி வண்டியாகப் போய், உப்பளத்தை ஒட்டிய பொட்டலில் நிறுத்தச் சொன்னார். அங்கிருந்து கால் மைல் நடந்து வந்து சாப்பிட வேண்டும். இந்தக் கட்டளையால் கூட்டம் குறையும் என்று வன்னியபெருமாள் எதிர்பார்த்தார். நடந்து போய்ச் சாப்பிடுவது அவர்களுக்கு இன்னும் பக்தியாகப் பட்டிருக்க வேண்டும், கூட்டம் குறையவில்லை. வாசல் திறந்தது, ஆனால் சொன்ன சொல்லை ஒரு கடைக்காரி தட்டிவிட்டாள் என்ற மனத்தாங்கலுக்கு வாசல் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கெடு வெள்ளிக்கிழமையாகவே இருந்தது.

அதற்கிடையில் எல்லோரும் வந்து புத்தி சொன்னார்கள். ஃபிராங்க்ளின், தான் செய்த காரியம் என்ற குற்ற உணர்ச்சியோடு, இந்தியில் வெறுமனே 'ஹோட்டல்' என்று மாற்றித் தருவதாகச் சொன்னார். ரெக்ஸ் நங்கூரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அற்புதமணி வழக்கம்போல் டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார். கப்பலில் இருந்தவர்களுக்கு நங்கூரத்தைத் தூக்கச் சொல்லும் அதிகாரம் கேப்டன் ஒருவருக்குத்தான் உண்டு என்பது தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வன்னியபெருமாள் கடைமுன் வந்து நின்றார். பலகை அப்படியே இருந்தது. செல்லக்கனி சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"கடைசியாக் கேக்கேன். அழிக்கியா, இல்லயா?"

"இல்ல."

வன்னியபெருமாள் கைபேசியை எடுத்தார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஊருக்கே கேட்கும்படி ஒலிபெருக்கியில்தான் பேசுவார். எதிர்முனையில் கிரேன் ஓட்டும் ஏசுவடியான்.

"ஏசுவடியான், வண்டிய எடுத்துக்கிட்டு ஒடனே வா."

"எங்கன அண்ணாச்சி வரணும்?"

"துறைமுக ரோட்டுலதான்."

"துறைமுக ரோடு எட்டு கிலோமீட்டர்லா கெடக்கு. எங்கன?"

"நம்ம குடோன் கிட்ட."

"அண்ணாச்சிக்கு அந்த ரோட்டுல நாலு குடோன் இருக்குல்லா. எந்தக் குடோன்?"

"உர குடோன்யா. உப்பளத்துக்கு மேக்க."

"உப்பளம் ரெண்டு பக்கமும் கெடக்கு அண்ணாச்சி. பஸ்ஸுல வந்தா எங்க எறங்கணும்னு சொல்லுங்க, நான் புடிச்சிக்கிடுதேன்."

வன்னியபெருமாளின் கண் தலைக்கு மேலிருந்த பலகைக்குப் போய்த் திரும்பியது. நாலு மாதமாகப் பஸ் நடத்துனர்கள் அந்த இடத்தில் விசில் கொடுத்துக் கத்தும் பெயர் அவருக்குத் தெரியும். அவருடைய சரக்குச் சீட்டிலேயே குடோன் முகவரியாக அவருடைய ஆட்கள் அந்தப் பெயரைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் இருந்த ஆறு பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தார்கள்.

"எடைமேடைக்கு அடுத்தாப்புல, ஒரு... ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கும்லா..."

"சாப்பாட்டுக் கடை முப்பது இருக்கு அண்ணாச்சி."

அடுப்படியிலிருந்து செல்லக்கனி சோற்றுக் கரண்டியோடு வெளியே வந்தார். "நங்கூரம்னு சொல்லுங்க அண்ணாச்சி. வாய் வெந்துராது."

கைபேசிக்குள்ளிருந்து ஏசுவடியானின் குரல் நிம்மதியோடு வந்தது. "நங்கூரமா? அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான! நங்கூரம் ஸ்டாப்பிங். இந்தா வாரேன்."

பெஞ்சில் ஒருவருக்குப் புரையேறியது.

கிரேன் வந்தது. ஏசுவடியான் இறங்கி, நங்கூரத்தைச் சுற்றி வந்து, எடையைக் கண்ணால் போட்டுப் பார்த்தார்.

"தூக்கிரலாம். எங்கன வைக்க?"

"எங்கயாவது கொண்டுபோயி வையி."

"எங்கயாவதுன்னு ஒரு எடம் கெடையாது அண்ணாச்சி. ரோட்டுல வச்சா கேஸு போடுவான். அந்தப் பக்கம் ரயில்வே எடம். இந்தப் பக்கம் உப்பளத்துக்காரன் எடம், அவன் அருவாளத் தூக்கிட்டு வருவான். ஒங்க குடோனுக்குள்ள வைக்கட்டா?"

"எங்க வேணும்னாலும் வைங்க" என்றார் செல்லக்கனி. "வச்ச எடத்துக்கு இந்தப் பேருதான் ஒட்டிக்கிடும். குடோனுக்குள்ள வச்சா நாளையிலேருந்து சோத்துக்கு அங்கதான் வந்து நிப்பானுவ. வரிசையா, தரையில. நீங்க பாத்திரத்த எடுத்துக் கொடுக்கணும், பாத்துக்கிடுங்க."

வன்னியபெருமாள் தன் குடோனைப் பார்த்தார். மூட்டைகளுக்கு நடுவே இருபது தலைப்பாகைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் காட்சி அவர் முகத்தில் தெரிந்தது. ஏசுவடியானைப் போகச் சொல்லிக் கையசைத்துவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து போனார். வருடம் முடிந்தபோது வாடகைச் சீட்டையும் புதுப்பித்தார். அதில் இடத்தின் அடையாளமாக என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவர் படித்துப் பார்க்கவில்லை.

கிரேன் வந்து போன மறு திங்கட்கிழமையே ஃபிராங்க்ளினுக்கு ஆள் போனது.

"வா. பலகைய மாத்தணும்" என்றார் செல்லக்கனி.

ஃபிராங்க்ளினின் முகம் விழுந்துபோனது. "கடைசியில அழிக்கச் சொல்லிட்டியளா யக்கா?"

"எவன் அழிக்கச் சொன்னான்? பெருசாக்கு. ஒரு வார்த்த இருந்ததுக்கே அழி அழின்னான். இப்ப எல்லாத்துலயும் எழுது. தெலுங்குல, மலையாளத்துல, பஞ்சாபியில. மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் தோணி போகுதுல்லா, சிங்களத்துலயும் போடு. என்னென்ன பாஷை ஒன் போனுக்குத் தெரியுமோ அம்புட்டும்."

ஃபிராங்க்ளின் மூன்று நாள் ஏணியில் நின்று எழுதினார். இப்போது பலகை கடையைவிட அகலமாக இருக்கிறது. தமிழ்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது. விதிப்படி யாரும் குறை சொல்ல முடியாது. கடைசியாக மராத்தி எழுத்தில் தூரிகையை வைக்கப் போகும்போது, கீழே நின்ற அற்புதமணி தடுத்தார்.

"செல்லக்கனி, இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. மராத்திக்காரனுக்கு இது கலப்பை. படிச்சிட்டு எவனாவது உழ வந்து நின்னாம்னா என்ன செய்வ?"

செல்லக்கனி கடையின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். உப்புப் பூத்த வெள்ளை மண், ஒரு புல்கூட இல்லாமல் ரயில் பாதைவரை கிடந்தது.

"வரட்டும். பின்னால எடம் கெடக்கு" என்றார். "உழுது என்னத்தயாவது மொளைக்க வைக்கட்டும். நீ எழுதுலே."